கெட்நெட்பைநேம் கொடுப்பது 0.0.0.127, நானே சேர்த்த பெயருக்கு 'நல்'. எங்கே தப்பு?

அரைபைட்:

சி-யில் சின்னதாக ஒரு டிசிபி சர்வர் எழுதுகிறேன். லினக்ஸ், 64 பிட், சி லைப்ரரி ஜிலிப்சி. எந்தெந்த நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களை உள்ளே விடலாம் என்பதற்கு ஒரு கான்ஃபிக் கோப்பு வைத்திருக்கிறேன், அதில் வெறும் எண்களாகவே எழுதி எழுதி எது எந்த நெட்வொர்க் என்று எனக்கே மறந்துபோகிறது. பெயர் வைத்து எழுதலாமே என்று தேடியபோது கெட்நெட்பைநேம் கண்ணில் பட்டது. பெயரைக் கொடுத்தால் விவரமெல்லாம் நெட்என்ட் என்ற ஸ்ட்ரக்டில் திரும்பி வரும் என்று மேன் பக்கம் சொல்கிறது. ஆஹா, இதுதானே வேண்டும் என்று உட்கார்ந்தேன், இரண்டு நாள் போய்விட்டது.

முதல் சிக்கல்: 'லூப்பேக்' என்று கேட்டால் பாயிண்டர் ஒழுங்காக வருகிறது. பெயர் சரி, அட்ரஸ் டைப் ஐபிவி4 என்பதும் சரி. நெட்வொர்க் எண் இருக்கும் என்_நெட் மதிப்பை ஒரு இன்_அட்ர் ஸ்ட்ரக்டில் போட்டு ஐநெட்_என்டுஏ வழியாக அச்சிட்டால் 127.0.0.0 வர வேண்டிய இடத்தில் 0.0.0.127 வருகிறது.

இரண்டாவது: /ஈடிசி/நெட்வொர்க்ஸ் கோப்பில் நானே ஒரு வரி சேர்த்தேன். வரி இப்படி:

10.20.30.0/24 லேப்நெட்

'லேப்நெட்' என்று கேட்டால் 'நல்', அதாவது வெற்றுப் பாயிண்டர்தான் வருகிறது. பிழைக் காரணத்தை அச்சிடும் பெர்ரர் போட்டுப் பார்த்தேன், அது சொல்வதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை. லேப்நெட்டுக்குப் பிங் அடித்தேன், அப்படி ஒரு பெயரே தெரியாது என்கிறது. புரோகிராம் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸில் பார்த்தால் அந்தக் கோப்பைத் திறந்து படிப்பது தெளிவாகத் தெரிகிறது! படித்துவிட்டு ஏன் இல்லை என்கிறது? ரூட்டாகவும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.


நள்ளிரவுகம்பைலர்:

முதல் சிக்கலுக்கு மட்டும் பதில் சொல்கிறேன், இரண்டாவதை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் மாட்டாதவர்களே கிடையாது. என்_நெட் ஹோஸ்ட் பைட் வரிசையில் (உங்கள் மெஷின் எண்ணை மெமரியில் வைக்கும் வரிசை) இருக்கிறது, நெட்வொர்க் வரிசையில் (மேல் பைட் முதலில்) இல்லை. மேன் பக்கத்தில் அந்த ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரே வரியாக இருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். கெட்ஹோஸ்ட்பைநேம் பழகியவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் அது கொடுக்கும் முகவரிகள் நெட்வொர்க் வரிசையில் வரும், அப்படியே எடுத்து சாக்கெட்டுக்குக் கொடுத்துவிடலாம். ஒரே நெட்டிபி ஹெடரில் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு ஃபங்ஷன்கள், ஒன்று அப்படி, ஒன்று இப்படி.

உங்கள் விஷயத்தில் நடப்பது இதுதான். லூப்பேக்குக்கு என்_நெட்டின் மதிப்பு 2130706432, அதாவது மேல் பைட்டில் 127, மற்ற மூன்றும் 0. உங்கள் பிராசஸர் கீழ் பைட்டை முதலில் வைக்கும் லிட்டில் எண்டியன் என்பதால் அது மெமரியில் 0, 0, 0, 127 என்று உட்காரும். ஐநெட்_என்டுஏ மெமரியில் இருப்பதை முதல் பைட்டிலிருந்து வரிசையாகப் படிக்கிறது, அது வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. இன்_அட்ர் உள்ளே வைப்பதற்கு முன்னால் என்_நெட்டை, ஹோஸ்ட் வரிசையை நெட்வொர்க் வரிசையாக மாற்றும் ஹெச்டுஎன்எல்லுக்கு அனுப்புங்கள், 127.0.0.0 வந்துவிடும். பிக் எண்டியன் மெஷினில் ஹெச்டுஎன்எல் எதையும் மாற்றாது, ஆனால் அங்கேயும் போட்டே வையுங்கள்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும் கெட்நெட்பைஅட்ர் இருக்கிறதே, அதற்கும் ஹோஸ்ட் வரிசையில்தான் கொடுக்க வேண்டும். அக்செப்ட் கொடுத்த முகவரியை அப்படியே தள்ளினால் 'நல்' வரும், கோப்பில் பெயர் இல்லை போலிருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்று. திரும்பி வரும் பாயிண்டர் லைப்ரரிக்குள் இருக்கும் ஸ்டாட்டிக் இடத்தைக் காட்டுகிறது. ஒரு பெயருக்குக் கேட்டு பாயிண்டரை வைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குக் கேட்டால் முதல் பாயிண்டரும் இரண்டாவதன் விவரத்தையே காட்டும். கான்ஃபிக்கில் நாலு பெயர் இருந்தால் லூப் முடிந்து பார்க்கும்போது நாலும் ஒன்றாக இருக்கும். எனவே வேண்டியதை உடனே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ மட்டும் செய்துவிடாதீர்கள், அது உங்கள் மெமரி இல்லை.


பழையடெர்மினல்:

லேப்நெட் விஷயம்: வரியைத் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள் நண்பரே.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் முதலில் முகவரி, அப்புறம் பெயர். நெட்வொர்க்ஸ் கோப்பில் முதலில் பெயர், அப்புறம் எண், அதற்கப்புறம் வேண்டுமானால் மாற்றுப் பெயர்கள். ஏன் இப்படி எதிரும் புதிருமாக வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். நீங்கள் எழுதிய வரியைப் படிக்கும்போது லைப்ரரிக்குத் தெரிவது '10.20.30.0/24' என்ற பெயருடைய ஒரு நெட்வொர்க், அதன் எண் 'லேப்நெட்'. அந்த எண்ணுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, நீங்கள் கேட்கும் பெயரில் வரியும் கிடையாது, எனவே 'நல்'.

இதைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்ய வேண்டாம். டெர்மினலில் கெட்என்ட் நெட்வொர்க்ஸ் லேப்நெட் என்று அடித்தால் போதும், அந்தக் கமாண்டும் உங்கள் புரோகிராம் போகும் அதே வழியில்தான் போகிறது. அதில் வந்தால் உங்கள் கோடில் தப்பு, வராவிட்டால் கோப்பில் தப்பு.

பிங் எல்லாம் இதற்கு உதவாது. பிங் தேடுவது ஹோஸ்ட் பெயரை, அதற்கு ஹோஸ்ட்ஸ் கோப்பும் டிஎன்எஸ்ஸும். நெட்வொர்க் பெயர்களுக்குத் தனிக் கோப்பு, எந்தப் பெயரை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பிலும் 'நெட்வொர்க்ஸ்' என்று தனி வரி. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதோடு குழப்பிக்கொள்ளும் மூன்றாவது ஒன்றும் உண்டு, ஈத்0 மாதிரி இன்டர்ஃபேஸ் பெயர். அதைக் கெட்நெட்பைநேமுக்குக் கொடுத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களை நிறையப் பார்த்தாயிற்று. அதற்கு இஃப்_நேம்டுஇண்டெக்ஸ் இருக்கிறது, பெயர் இல்லையென்றால் 0 திருப்பும்.

பெர்ரர் பற்றி: இந்த ஃபங்ஷன் தோற்றால் 'நல்' வரும் என்பது மட்டும்தான் வாக்குறுதி, பெர்ரர் பார்க்கும் எர்ர்நோவில் காரணம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அதில் தெரிவது வேறு ஏதோ ஒரு கால் விட்டுப்போன எச்சமாகக்கூட இருக்கலாம்.


அரைபைட்:

இருவருக்கும் நன்றி. ஹெச்டுஎன்எல் போட்டதும் லூப்பேக் சரியாகிவிட்டது. நெட்வொர்க்ஸ் கோப்பில் வரியை மாற்றி எழுதினேன்:

லேப்நெட் 10.20.30.0/24

இப்போது 'நல்' இல்லை, ஆனால் 255.255.255.255 என்று வருகிறது. ஹெச்டுஎன்எல்லை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் அதேதான். கெட்என்ட்டும் இதையே காட்டுகிறது. எனவே கோப்பில்தான் தப்பு, அது வரைக்கும் புரிகிறது.


பழையடெர்மினல்:

சாய்கோட்டை எடுங்கள். வெறும் 10.20.30.0 போதும்.

காரணம் கேட்டால் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். ஜிலிப்சி அந்த எண்ணை ஐநெட்_நெட்வொர்க் என்ற இன்னொரு ஃபங்ஷனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. அதற்குப் புரியாத எழுத்து வந்தால் -1 திருப்பும். குறியில்லாத 32 பிட் எண்ணில் -1 என்றால் எல்லா பிட்டும் 1, அதாவது 255.255.255.255. அந்த -1 பிழைக்கான அடையாளமா என்று ஜிலிப்சி பார்ப்பதே இல்லை, அப்படியே என்_நெட்டில் போட்டுவிடுகிறது. எல்லா பிட்டும் 1 என்பதால் பைட்டுகளைத் திருப்பிப் போட்டாலும் அதேதான். உங்களுக்குக் கிடைத்தது முகவரி உடுப்பு போட்ட ஒரு பிழைச் செய்தி.

அதே ஐநெட்_நெட்வொர்க்கில் இன்னொரு குழி: முன்னால் 0 வைத்து எழுதினால் எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும். கோப்பில் வரிசை அழகாக இருக்கட்டும் என்று 10.020.030.0 என்று எழுதியிருந்தால் 10.16.24.0 கிடைத்திருக்கும், அதைக் கண்டுபிடிக்க மூன்றாவது நாளும் போயிருக்கும். கடைசி 0-க்களை விட்டுவிட்டு 10.20.30 என்று மட்டும் எழுதலாம், ஜிலிப்சி மீதியை நிரப்பிக்கொள்ளும். ஆனால் அந்த நிரப்பல் ஜிலிப்சியின் நல்ல குணம், ஐநெட்_நெட்வொர்க்கின் குணம் அல்ல. நேரடியாக அதனிடம் '127' கொடுத்தால் வெறும் 127-தான் தரும். வேறு சிஸ்டத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் நாலு எண்ணையும் முழுசாக எழுதிவிடுவது நல்லது.

சாய்கோடு ஏன் இல்லை என்றால், இந்த ஃபங்ஷன் 1983-ல் வந்த 4.2பிஎஸ்டி காலத்து ஆள். அப்போது ஏ, பி, சி என்று வகுப்புகள்தான், முகவரியின் முதல் சில பிட்டுகளைப் பார்த்தாலே நெட்வொர்க் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும், முகவரியில் எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்று காட்டும் மாஸ்க்கைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. வகுப்பைத் தூக்கிப்போட்டு சாய்கோடு போட்டு எழுதும் முறையான சைடர் வந்தது 1993-ல். கோப்பின் வடிவமும் ஸ்ட்ரக்டும் அதற்கப்புறம் மாறவே இல்லை. நெட்வொர்க்ஸ் கோப்பின் மேன் பக்கத்திலேயே ஏ, பி, சி வகுப்பு மட்டும்தான், துண்டுபோட்ட நெட்வொர்க் கிடையாது என்று எழுதியிருக்கிறது.


சாக்கெட்கிறுக்கன்:

எல்லோரும் பூச்சி பிடிப்பதில் மும்முரமாக இருக்கிறீர்கள், கேட்டவர் முதல் பதிவில் ஒரு வரி சொன்னதை விட்டுவிட்டீர்கள். யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்யத்தான் இவருக்கு இது வேண்டுமாம்!

நெட்என்ட் ஸ்ட்ரக்டைத் திறந்து பாருங்கள். பெயர், மாற்றுப் பெயர்கள், அட்ரஸ் டைப், ஒரு 32 பிட் எண். முடிந்தது. மாஸ்க் எங்கே? இல்லை. 10.20.30.0 என்று கிடைத்த பிறகு அது 256 முகவரி உள்ள நெட்வொர்க்கா, 512-ஆ, 64-ஆ? பழைய வகுப்புக் கணக்கில் போனால் 10-ல் தொடங்குவது ஏ வகுப்பு, அதாவது 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் முகவரிகள். ஒரு லேபை அனுமதிக்கப் போய் 10-ல் தொடங்கும் எல்லோரையும் உள்ளே விட்டுவிடுவீர்கள். அனுமதி தொடர்பான எந்த வேலைக்கும் இந்த ஃபங்ஷனைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. நெட்ஸ்டாட், ரூட் கமாண்டுகள் எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் காட்டத்தான் அந்தக் கோப்பு, அந்த அலங்காரத்தோடு நிற்கட்டும். ஐபிவி6 வேறு இருக்கிறது, 128 பிட்டை 32 பிட்டுக்குள் திணிக்க முடியாது, எனவே அந்தப் பக்கம் இது என்றைக்கும் வரப்போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். உங்கள் கான்ஃபிக் கோப்பிலேயே ஒரு பகுதியில் பெயரையும் சைடரையும் எழுதுங்கள், லேப்நெட் என்றால் 10.20.30.0/24 என்று. புரோகிராம் தொடங்கும்போது ஒரே தடவை படித்து ஒரு அரேயில் பெயர், நெட்வொர்க், மாஸ்க் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் எல்லாம் பெயர் மட்டும். நீங்கள் கேட்ட வசதி கிடைத்துவிட்டது, சிஸ்டம் கோப்பு எதையும் தொடவும் வேண்டாம், ரூட்டும் வேண்டாம்.

படிக்கும்போது சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதை ஐநெட்_பிடுஎன்னிடம் கொடுங்கள், ஐநெட்_நெட்வொர்க்கிடம் வேண்டாம். அது கறார் பேர்வழி, நாலு தசம எண் முழுசாக இருந்தால்தான் ஏற்கும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை எஸ்டிஆர்டுஎல்லில் படித்து, 0-க்கும் 32-க்கும் நடுவில் இருக்கிறதா, எண்ணுக்குப் பின்னால் குப்பை ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏடுஐ போட்டால் '2ழ' கூட 2 ஆகிவிடும், பிழை என்றே தெரியாது.

அப்புறம் சோதனை: வந்தவர் முகவரியை என்டுஹெச்எல்லில் போட்டு ஹோஸ்ட் வரிசைக்குக் கொண்டுவாருங்கள், மாஸ்க்கோடு பிட் வாரியாக ஆண்ட் செய்யுங்கள், நெட்வொர்க்கோடு சமமா என்று பாருங்கள். நெட்வொர்க்கையும் படித்தவுடனே மாஸ்க்கோடு ஆண்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாராவது 10.20.30.7/24 என்று எழுதிவிட்டால் எதுவும் பொருந்தாது. மாஸ்க் கட்ட, 32 பிட்டும் 1 ஆக உள்ள எண்ணை 32-லிருந்து பிரிஃபிக்ஸை, அதாவது சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணைக் கழித்து வரும் அளவுக்கு இடப்பக்கம் தள்ளினால் சரி.

ஒரே ஒரு எச்சரிக்கை. உங்கள் சர்வர் ஐபிவி6 சாக்கெட்டில் கேட்டுக்கொண்டு ஐபிவி4 ஆட்களையும் ஏற்கிறது என்றால், அவர்கள் முகவரி 16 பைட்டாக ஐபிவி6 போர்வை போர்த்திக்கொண்டு வரும். வி4மேப்ட் என்று முடியும் மேக்ரோ ஒன்று அதற்காகவே இருக்கிறது, அது ஆம் என்றால் கடைசி 4 பைட்டை எடுத்து மேலே சொன்ன சோதனைக்கு அனுப்புங்கள். இதை மறந்தால் லேபில் இருப்பவரையே வெளியே தள்ளிவிடுவீர்கள்.


கண்டெய்னர்வாசி:

சாக்கெட்கிறுக்கன் சொல்வதை ஆமோதிக்கிறேன், எனக்கு இருக்கும் காரணம் வேறு. முன்பு வேலை செய்த இடத்தில் இதே கெட்நெட்பைநேமை வைத்து ஒரு டூல் எழுதியிருந்தார்கள். எல்லா மெஷினிலும் ஓடியது, ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னருக்குள் போட்டதும் எல்லாப் பெயருக்கும் 'நல்'. கோப்பை உள்ளே காப்பி செய்தோம், பர்மிஷன் பார்த்தோம், என்எஸ்ஸ்விட்ச் கோப்பு இல்லை என்று அதையும் எழுதி வைத்தோம், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பார்த்தால் ஆல்பைனில் ஜிலிப்சிக்குப் பதிலாக இருப்பது மஸல் லைப்ரரி, அதில் கெட்நெட்பைநேமின் உடம்பு முழுக்கவே 0-வைத் திருப்பு என்ற ஒரு வரிதான். லிங்க் ஆவதற்காகப் பெயரை மட்டும் வைத்திருக்கிறார்கள். கோப்பை அது திறப்பதுகூட இல்லை. எஸ்ட்ரேஸைக் கடைசியில் எடுக்காமல் முதலிலேயே எடுத்திருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். அரைபைட் அந்த விஷயத்தில் எங்களைவிடப் புத்திசாலி.

அதே டூல் வேறொரு மெஷினில் தொடங்க ரொம்ப நேரம் எடுத்தது. அங்கே என்எஸ்ஸ்விட்ச்சின் நெட்வொர்க்ஸ் வரியில் ஃபைல்ஸ் என்பதோடு டிஎன்எஸ்ஸும் இருந்தது. கோப்பில் இல்லாத பெயர் ஒவ்வொன்றும் டிஎன்எஸ் சர்வரைத் தேடிப் போகும், சர்வர் பதில் சொல்லாவிட்டால் ரிசால்வரின் வழக்கமான 5 நொடி, இரண்டு முயற்சி. நாலு பெயர் தப்பாக இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வரியில் ஃபைல்ஸ் மட்டும் விட்டதும் சரியானது.


நள்ளிரவுகம்பைலர்:

மஸல் விஷயம் எனக்குப் புதுசு, நன்றி.

இருந்தாலும் இங்கே தேடி வரும் அடுத்தவருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கெட்ஹோஸ்ட்பைநேம் மாதிரி இதையும் நீக்கிவிட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். நீக்கப்பட்டது அதுதான், யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான தரமான போசிக்ஸின் 2008 பதிப்பில் அது போய்விட்டது, ஹோஸ்ட் பெயருக்கு இப்போது கெட்அட்ர்இன்ஃபோ. கெட்நெட்பைநேம் அதே பதிப்பில் உயிரோடு இருக்கிறது. சாவதற்குக்கூட யாரும் கவனிக்கவில்லை போல.

த்ரெட் உள்ள புரோகிராமில் கட்டாயம் வேண்டுமென்றால் கடைசியில் _ஆர் ஒட்டிய வடிவம் ஜிலிப்சியில் உண்டு. பஃபரை நீங்களே கொடுக்க வேண்டும், 1024 பைட் பெரும்பாலும் போதும், போதாவிட்டால் இரேஞ்ச் என்று திரும்பும், பெரிதாக்கி மறுபடி கேளுங்கள். திரும்பும் எண் 0 என்பதை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், ரிசல்ட் பாயிண்டர் 'நல்'லா என்றும் பாருங்கள்.

நெட்டிபி ஹெடரைச் சேர்க்க மறந்தவர்களுக்கு: பழைய ஜிசிசி ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும், ஃபங்ஷன் இன்ட் திருப்புகிறது என்று எண்ணிக்கொண்டு 64 பிட் பாயிண்டரை 32 பிட்டாக வெட்டிவிடும், முதல் தடவை ஃபீல்டைத் தொட்டவுடன் செக்மென்டேஷன் ஃபால்ட். ஜிசிசி 14-லிருந்து இது பிழையாகவே நிற்கிறது, நல்லதாகப் போயிற்று.


அரைபைட்:

கெட்நெட்பைநேமைக் கழற்றிவிட்டேன். பெயரும் சைடரும் என் கான்ஃபிக்கிலேயே, ஐநெட்_பிடுஎன், மாஸ்க், ஆண்ட், எல்லாம் சொன்னபடி. மொத்தம் நாற்பது வரிகூட இல்லை. லேப்நெட் வேலை செய்கிறது. வி4மேப்ட் பற்றிச் சொன்னது ரொம்ப உதவியாக இருந்தது, என் சாக்கெட் ஐபிவி6 தான், அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அடுத்த பதிவே அதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. சோதனைக்காக 'எல்லோரும்' என்று ஒரு பெயர் வைத்து 0.0.0.0/0 என்று எழுதினேன். அதன்படி யார் வந்தாலும் விட வேண்டும். ஒருவரையும் விடவில்லை! 1 என்று மாற்றினால் பாதி முகவரிகள் சரியாக உள்ளே வருகின்றன. 0 மட்டும்தான் இப்படி. பிரிஃபிக்ஸ் 0 என்று சரியாகவே படிக்கிறது, அச்சிட்டும் பார்த்தேன்.


சாக்கெட்கிறுக்கன்:

என் தப்பு, மாஸ்க் கட்டும் வழியைச் சொன்னபோது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

பிரிஃபிக்ஸ் 0 என்றால் 32 இடம் தள்ள வேண்டும். 32 பிட் எண்ணை 32 இடம் தள்ளுவதற்கு சி-யில் வரையறையே கிடையாது, கம்பைலர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். எக்ஸ்86 பிராசஸர் தள்ளும் அளவில் கடைசி 5 பிட்டை மட்டும்தான் பார்க்கும், 32-ன் கடைசி 5 பிட் 0, எனவே தள்ளவே இல்லை. மாஸ்க் முழுக்க 1 ஆகவே நின்றுவிட்டது. 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து யாராவது வந்தால்தான் உள்ளே விடும், அப்படி யாரும் வரமாட்டார்கள். ஆப்டிமைசேஷன் போட்டால் வேறு மாதிரி நடந்தாலும் ஆச்சரியமில்லை, அப்போது சோதனையில் ஒன்று, ரிலீசில் இன்னொன்று என்று இன்னும் குழம்புவீர்கள்.

பிரிஃபிக்ஸ் 0 என்றால் மாஸ்க் 0 என்று தனியாக ஒரு இஃப் போட்டுவிடுங்கள். 64 பிட் எண்ணில் தள்ளிவிட்டுக் கீழ் 32 பிட்டை எடுப்பதும் சரிதான், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு இஃப்தான் சட்டென்று புரியும்.


அரைபைட்:

இஃப் போட்டேன், சரியாகிவிட்டது. நெட்வொர்க்ஸ் கோப்பில் லேப்நெட் வரியைச் சாய்கோட்டை எடுத்துவிட்டு அப்படியே விட்டு வைத்திருக்கிறேன், நெட்ஸ்டாட்டில் ரூட் டேபிள் பார்க்கும்போது பெயர் வருகிறது. என் கேள்வியைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.


பழையடெர்மினல்:

பெயர் வராத நாளில் பதற வேண்டாம், எண்களாகவே காட்டச் சொல்லும் -என் ஆப்ஷனைச் சேர்த்து அடித்திருப்பீர்கள். ஐபி ரூட் கமாண்டிலும் தேடாதீர்கள், அது இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை.